அன்னபூரணம் நலமாக இருக்கிறார்

நெடுவெளி என்ற ஊரில் திறந்திருக்கும் வீடுகளைவிடப் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் அதிகம். மடத்துவெளியைத் தாண்டிக் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால், புதுப் பெயின்ற் அடித்த கேற்றுகளும் அவற்றில் தொங்கும் பெரிய பூட்டுகளும் வரிசையாகத் தெரியும். ஊரில் உலை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருநூறு பேருக்குள். ஊரார் என்று சொல்லிக்கொள்கிறவர்களோ நாலாயிரம் பேர். ரொறன்ரோ, பேர்ண், பாரிஸ், ஒஸ்லோ என்று பரந்திருக்கும் இவர்கள் சேர்ந்து அமைத்ததுதான் நெடுவெளி உலக ஒன்றியம்.

ஒன்றியம் முதலில் ஊர் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டியது. அடுத்ததாகச் சுடலைக்கு மாபிள் பதித்தது. ஊருக்குள் வருகிறவர்களுக்கும் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கும் செய்தாயிற்று, இடையில் இருக்கிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பிறந்ததுதான் 'நெடுவெளி உறவுகள்' என்ற செயலி. ஊரில் தனித்திருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இலவசமாக ஒரு போன். அந்தப் போனுக்குள் செயலி. செயலிக்குள் ஊர் முழுவதும்.

தொடக்க விழா வாசிகசாலையில் நடந்தது. தலைவர் ஜெகதீஸ் திரையில் தோன்றினார். அவர் ரொறன்ரோவில் வீடு விற்றுக் கொடுக்கும் முகவர். கோட்டுக்கு மேலே திருநீறு பளிச்சென்று தெரிந்தது.

"அன்பான உறவுகளே! போர்க்காலத்தில் எங்களைக் கண்காணிக்காதவர்கள் யார்? எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை பாஸ்கள்! ஆனால் எங்களைக் கண்காணித்தவர்களுக்கு எங்கள்மேல் அன்பு இருந்ததா? இல்லை. அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது. இனி எங்களை நாங்களே, அன்போடு, இரவு பகலாகக் கண்காணிப்போம்! மறைக்க ஒன்றுமே இல்லாத ஊராக நெடுவெளியை மாற்றிக் காட்டுவோம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். இடையில் கரண்ட் போனதால் மிச்சப் பேச்சு கேட்கவில்லை. கரண்ட் வந்ததும் அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

முன்வரிசைக் கதிரையில் இருந்து கை தட்டியவர்களில் அன்னபூரணமும் ஒருவர். வயது அறுபத்து மூன்று. கணவர் பதுளையில் புடவைக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தபின் ஊருக்கு வந்து, கொஞ்சக் காலம் இருந்துவிட்டுக் காலமானார். ஒரே மகன் கோபிசங்கர் பேர்ணில். அன்னபூரணத்துக்குப் போன் வேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. மகன்தான் அங்கிருந்து பெயர் கொடுத்திருந்தான்.

ஒன்றியத்தின் உள்ளூர் இணைப்பாளராக வேலை பார்த்த வினோஜா என்ற பெட்டை போனை நீட்டினாள். திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள் ஓடின.

"இதில என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"அது நிறையக் கிடக்கு அன்ரி, ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. மகன் அங்க ஓம் போட்டிட்டார். நீங்கள் விரலை மட்டும் வையுங்கோ."

"நான் கதைக்கிறது, செய்யிறது ஒண்டையும் இது வெளியில சொல்லாதுதானே?"

"ஐயோ, வெளியில ஒண்டும் போகாது அன்ரி. ஊருக்குள்ள மட்டும்தான்."

"ஊருக்குள்ள எண்டால்?"

"ஒரு நாலாயிரம் பேர்."

வினோஜா அன்னபூரணத்தின் பெருவிரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினாள். போன் சந்தோசமாக ஒரு சத்தம் போட்டது.

முதல் கிழமை எந்தக் கரைச்சலும் இல்லை. இரண்டாம் கிழமை ஒருநாள், குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அன்னபூரணம் போனிடம் மெதுவாக ஒரு விஷயம் கேட்டார். எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வினோஜா சொல்லியிருந்தாள். கேட்டது மலச்சிக்கலைப் பற்றி. விடிந்து பார்த்தால் செயலியின் பொதுச் சுவரில், பூக்களுக்கு நடுவே அன்னபூரணத்தின் படம். 'அன்னபூரணம் அம்மா மலச்சிக்கல் பற்றித் தேடுகிறார். உங்கள் அன்பைத் தெரிவியுங்கள்.' முந்நூறு பேர் சிவப்பு இருதயம் போட்டிருந்தார்கள். ஒஸ்லோ கடுக்காயைச் சிபாரிசு செய்தது. பாரிஸ் அதை மறுத்துத் திரிபலா என்றது. திங்கட்கிழமை ஊர்க் கோயிலில் திருநீறு தந்த ஐயர், குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்பிடி, சுகமோ?" என்று கேட்டார். அன்னபூரணம் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பூசவும் மறந்து வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு தெரியாதவர்கள் போன் எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மிகவும் பண்பாக, "அம்மா, உங்களுக்குப் பிறஷர் கொஞ்சம் கூடியிருக்காம், கேள்விப்பட்டுக் கவலையாப் போச்சு. அந்தக் காணி உறுதி ஆற்ற பேரில இருக்கு?" என்று விசாரித்தார். இன்னொருவர் அந்தியேட்டிச் சேவை நடத்துகிறவர். செத்தவீட்டில் இருந்து முப்பத்தோராம் நாள் வரை எல்லாம் தாங்களே பார்ப்பதாகவும், இந்த மாதமே பதிந்து வைத்தால் விலைக்கழிவு உண்டு என்றும் சொன்னார்.

"ஆருக்குத் தம்பி அந்தியேட்டி?"

"உங்களுக்குத்தான் அம்மா. அவசரமில்லை, ஆறுதலா யோசியுங்கோ."

அன்னபூரணம் போனைத் தூக்கிக்கொண்டு வாசிகசாலைக்குப் போனார். "வெளியில போகாதெண்டு சொன்னனீர் எல்லோ பிள்ளை?"

"அவையள் வெளி ஆக்கள் இல்லை அன்ரி. பங்காளர் நிறுவனங்கள்," என்றாள் வினோஜா. "போன் இலவசமா வந்ததெல்லோ? அதுக்கு ஆரோ காசு கட்டத்தானே வேணும்."

அன்னபூரணத்துக்கு இந்த வாழ்க்கையில் சொந்தமாக ஒன்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை.

வெள்ளிதோறும் நயினாதீவு அம்மனிடம் போவதாக மகனிடம் சொல்லுவார். ஒரு காலத்தில் உண்மையாகவே போனார். பிறகு ஒருநாள் குறிகட்டுவானில் படகைத் தவறவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கியபோது, துறைக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போடுகிற மேரிறோஸ் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். மேரிறோஸின் மச்சாள் ஜெனீற்றாவும் பக்கத்துக் கடைக்கார லோஜனாவும் அங்கே சீட்டுக் கட்டோடு குந்தியிருந்தார்கள். முந்நூற்றுநாலு விளையாட நாலாவது கை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு எந்த வெள்ளியும் அன்னபூரணம் படகைப் பிடிக்கவில்லை.

பூவரசு நிழலில், மீன் பொரியல் வாசத்துக்கு நடுவே, அவர் வேறு ஆளாக இருந்தார். சத்தம் போட்டுச் சிரிப்பார். ஏமாற்றுவார். பிடிபட்டால் சண்டைக்குப் போவார். விதவை என்றோ வெளிநாட்டுக்காரனின் தாய் என்றோ அங்கே ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மோசமாகச் சீட்டுப் பிரிக்கிறவள் என்று மட்டும் பார்த்தார்கள்.

ஒரு வெள்ளி பின்னேரம் செயலி அறிவித்தது: 'அன்னபூரணம் அம்மா குறிகட்டுவானில் இருக்கிறார். நயினாதீவில் இல்லை. கடந்த வெள்ளியும் இல்லை. அதற்கு முந்திய வெள்ளியும் இல்லை.' மறுநாள் காலைக்குள் நாலாயிரம் பேரும் அபிப்பிராயம் சொல்லி முடித்திருந்தார்கள். மேரிறோஸின் முகநூலில் அந்தோனியார் படம் இருந்தபடியால், இது மதமாற்றம் என்றது பேர்ண். கடற்கரையாக இருந்தபடியால் கடத்தல் என்றது பாரிஸ்.

அடுத்த வெள்ளி அன்னபூரணம் இதை அழாக்குறையாகச் சொன்னபோது மேரிறோஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நேவிக்காரன் அந்த நாளையில பாஸ் பாக்கேக்க, எங்க போறாய் எண்டுதான் கேட்டவன். போய் ஆரோட சிரிச்சனி எண்டு அவனும் கேக்கேல்லை."

பைக்குள் கிடந்த போனில் இந்த வசனமும் பதிவானது.

சனிக்கிழமை, ரொறன்ரோவில் விடிந்து தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு, உறவுநிலைத் தெளிவுபடுத்தல் குழு கூடியது. அன்னபூரணம் வாசிகசாலையில் தனியாக ஒரு கதிரையில் இருந்தார். எதிரே திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக முகங்கள். ஒன்றில் கோபிசங்கர், தலையைக் குனிந்தபடி.

பாரிஸ் கிளைச் செயலாளர் பரராசசிங்கம் தொடக்கி வைத்தார். "முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றியம் எவரையும் உளவு பார்க்கவில்லை. போன் தானாகக் கேட்டது. கேட்டது தானாகப் பதிவானது. பதிவானதைச் செலவு செய்து சேமித்துவிட்டு, அதைக் கேட்காமல் விடுவது பொறுப்பின்மை."

பிறகு அன்னபூரணத்தின் குரலை ஒலிக்கவிட்டார். அது கூடம் முழுவதும் கேட்டது: "வெட்டடி! என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய், ராசாவை வெட்டு! இப்ப விட்டால் எங்களை முடிச்சுப் போடுவான்!"

பெட்டிகளில் இருந்த முகங்கள் இறுகின.

"யாரந்த ராசா?" என்றார் பரராசசிங்கம்.

"அது சீட்டு தம்பி. நாங்கள் காட்ஸ் விளையாடினனாங்கள்."

"வெள்ளிக்கிழமையில்? ஒரு இந்துத் தாய்?"

தலைவர் ஜெகதீஸ் தொண்டையைச் செருமினார். "என்ர அப்பாவை ஊரில எல்லாரும் ராசா எண்டுதான் கூப்பிடுறவை."

"அவர் செத்து இருபது வருசம் இருக்குமே?" என்றார் அன்னபூரணம்.

"அதைத்தான் யோசிக்கிறன். செத்தும் நீங்கள் அவரை விடேல்லை."

இரண்டாவது பதிவு குறுகியது. சீட்டில் ஏலம் போலப் புள்ளி கேட்கும் நேரத்தில் லோஜனாவிடம் அன்னபூரணம் சொன்னது: "என்ர மருமகளைப் போல, கையில ஒரு மண்ணும் இல்லாமல் பெரிசாக் கேக்கிறாய்!" கூடவே நாலு பெண்களின் சிரிப்பு. கோபிசங்கரின் பெட்டிக்குள் ஒரு கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவனுடைய மனைவி எழுந்து போயிருக்க வேண்டும்.

"தவறு ஒன்றும் இல்லையென்றால் ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்டார் பரராசசிங்கம்.

அன்னபூரணம் கொஞ்சம் நிமிர்ந்தார். "பொய் சொன்னது நான் பெத்த பிள்ளைக்கு. அதை அவனோட நான் பேசித் தீர்ப்பன். உங்கள் நாலாயிரம் பேருக்கும் நான் ஒண்டுமே சொல்லேல்லையே."

இது 'ஒத்துழைப்பின்மை' என்ற தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டது. கோபிசங்கர் தலை நிமிராமலே, "அம்மா, எனக்கு வெளியில முகம் காட்டேலாமல் கிடக்கு," என்றான். ஒன்றியம் முன்வைத்த 'உயர் பராமரிப்பு'த் திட்டத்துக்கு அவன் சம்மதம் கொடுத்தான். அன்னபூரணத்தின் சம்மதம் பழைய பெருவிரலோடு ஏற்கெனவே இருந்தது.

உயர் பராமரிப்பு ஒரே நாளில் வந்து இறங்கியது. வளவைச் சுற்றிக் கம்பிவலை. கேற்றுக்கு மின்பூட்டு; அதற்கு மேலே ஒரு கமரா, ஒரு ஒலிபெருக்கி; வேலியைப் பார்த்தபடி இன்னும் சில கமராக்கள். அன்னபூரணத்தின் கையில், அவர் நிலையைப் பதியும் ஒரு றப்பர்ப் பட்டி. அதைக் கழற்றும் சாவி வாசிகசாலையில். வரத் தகுந்தவர்கள் யார் என்று ஒன்றியம் தீர்மானித்தது. ஐயரும் வினோஜாவும் தகுந்தார்கள். ஒன்றியத்துக்குப் பிடித்த காணி முகவரும் தகுந்தார்.

கேற்றடிக்குப் போனால் ஒலிபெருக்கி, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கும். கடை, கோயில், வைத்தியசாலை என்று ஏதாவது சொன்னால் யோசித்துவிட்டுத் திறக்கும். ஒரு பின்னேரம் அன்னபூரணம், "சும்மா," என்று சொல்லிப் பார்த்தார். சும்மா என்று ஓர் இடம் ஒன்றியத்தின் வரைபடத்தில் இல்லை. கேற்று திறக்கவில்லை.

பிறகு அவர் கேற்றடிக்குப் போவதை விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் வெளியே போகாமல், ஒருவரோடும் கதைக்காமல், மத்தியானத்திலும் படுக்கத் தொடங்கியபோது, செயலியில் அவருடைய நலன் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. நெடுவெளியின் முன்மாதிரித் தாய் என்று மாத இறுதியில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு வெளியிட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவதில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியதும் மாலையை எடுத்துவிட்டார்கள்.

மார்கழி மழைக்குள் ஒரு காலை, கிணற்றடிப் பாசியில் அன்னபூரணம் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. எழும்ப முடியவில்லை. ஒரு காலை அசைக்கவே முடியவில்லை. "ஆராவது இருக்கிறியளோ?" என்று கத்தினார். பக்கத்து வீடு பூட்டு. அடுத்த வீடும் பூட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் பட்டி பச்சையாக மின்னியது. அசையாமல் கிடப்பவர் ஓய்வெடுக்கிறார் என்பது பட்டியின் முடிவு.

நேரம் போகப் போகக் குரல் அடைத்துப் போயிற்று. குளிரில் பல் கிட்டியது. அப்போதுதான் கேற்றடியில் யாரோ கம்பியைத் தட்டுவது கேட்டது.

"அன்னம்! இஞ்ச அன்னம்! நான் றோஸ்!"

எத்தனையோ வெள்ளியாக ஆளைக் காணாமல், கருவாட்டுக் கூடையும் கையுமாக மேரிறோஸ் வந்திருந்தாள். அன்னபூரணம், "றோஸ்..." என்றார். அது அவருடைய காதுக்கே எட்டவில்லை.

ஒலிபெருக்கி பேசியது. "வணக்கம். நான் ஒஸ்லோவில இருந்து கதைக்கிறன். நீங்கள் ஆர்?"

"நான் ஆரெண்டு பிறகு சொல்லுறன். அன்னம் எங்க? கூப்பிட்டால் சத்தமில்லை."

"அம்மா ஓய்வில இருக்கிறா. நலமா இருக்கிறா. இண்டைக்குத்தான் அவவுக்கு ஆகக் கூடின புள்ளி."

"நீ அங்க இருந்து என்னத்தைக் காணுறாய்? கிணத்தடியில வாளி உருண்டு கிடக்கு. எனக்கு இஞ்ச இருந்து தெரியுது!"

"கிணத்தடிக்குக் கமரா இல்லை அக்கா. அது அவவின்ர அந்தரங்கம். நாங்கள் அதை மதிக்கிறனாங்கள்."

கிணற்றுக் கட்டின் மறைவில் கிடந்த அன்னபூரணத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கையை நிலத்தில் அடித்தார். சேற்றில் அடித்த கைக்குச் சத்தம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த வாளிக் கயிறு எட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வாளி கிணற்றுக் கட்டில் மோதி ஒரு தரம் 'டங்' என்றது.

"கேட்டியோ? அவள் கூப்பிடுறாள்! கதவைத் திற!"

"அக்கா, உங்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள் எழுத்தில விண்ணப்பிச்சால்—"

அதற்குப் பிறகு மேரிறோஸ் ஒஸ்லோவோடு பேசவில்லை. வளவைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். கூடைக்குள் இருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக் கம்பிவலையைக் கட்டியிருந்த நைலோன் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். சைரன் ஊளையிட்டது. பாவாடை கிழிய உள்ளே புகுந்து வந்தவள், அன்னபூரணத்தின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

"எழும்பாதை. எழும்பாதையடி. ஓட்டோவுக்குச் சொல்லுறன்."

அன்னபூரணம் அவளுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வைத்தியசாலையில்தான் தாதிமார் விரலை ஒவ்வொன்றாக விடுவித்தார்கள்.

இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்திருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் டொக்டர். இது எங்கும் பதிவாகவில்லை. பதிவானது வேறு: ஒரு பெண் கத்தியோடு வேலியை அறுத்து உள்ளே போவது, மிகத் தெளிவாக, நாலு கோணத்தில். அன்று பொழுதுபடுவதற்குள் அது நாலாயிரம் பேரையும் தாண்டி உலகம் முழுவதும் போயிற்று. ஒன்றியம் பொலிசில் முறைப்பாடு கொடுத்தது. தலைவர் ஜெகதீஸ் திரையில் தோன்றிக் கண்ணைத் துடைத்தார். "எங்கள் தாய்மாரின் அந்தரங்கத்துக்குள் கத்தியோடு நுழைய எவரையும் அனுமதியோம்!" என்றார்.

மகன் போன் எடுத்தான்.

"அம்மா, அவ முன் கதவால வந்திருக்கலாம்தானே?"

"பூட்டிக் கிடந்தது தம்பி."

"திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

"கேட்டவள்."

"அப்ப பொறுத்திருக்கலாம்," என்றான் மகன்.

வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் இளம் ஆள். மரியாதையாகக் கதைத்தார். அன்னபூரணம் கட்டிலில் கிடந்தபடி, "நான்தான் அவளைக் கூப்பிட்டனான். வாளியை இழுத்துக் கூப்பிட்டனான். எழுதுங்கோ," என்றார்.

பொலிஸ்காரர் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார். "அந்த நேரம் நீங்கள் ஆழ்ந்த ஓய்வு எண்டு இருக்குது அம்மா. மனநிலை மகிழ்ச்சி எண்டும் இருக்குது."

"நான் இடுப்பு முறிஞ்சு சேத்துக்குள்ள கிடந்தனான்."

"விழுந்த அதிர்ச்சியில உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும். இது மெசின். இதுக்கு அதிர்ச்சி இல்லை."

வைத்தியசாலையில் இருந்து அன்னபூரணத்தை நெடுவெளிக்குக் கொண்டுபோகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்திருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பார்க்க வரலாமென்று ஒன்றியம் அனுமதித்தவர்களுக்குள் மேரிறோஸ் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கு நாளன்று அன்னபூரணம் விடியவே எழுந்து, பணிப்பெண்ணைக் கெஞ்சி நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசல் கதிரையில் வந்து இருந்தார். சாட்சிக்கு வாகனம் வரும் என்று நினைத்திருந்தார். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காலைச் சாப்பாடு வந்து திரும்பிப் போயிற்று. மத்தியானமும் போயிற்று. பின்னேரம் வினோஜா வந்தாள்.

"மேரிறோஸ் அக்காவுக்குத் தண்டனை ஒத்தி வைச்சிருக்கினம் அன்ரி. ஆனா இனி நெடுவெளிப் பக்கம் வரக்கூடாதாம். உங்களைச் சந்திக்கவும் கூடாதாம்."

"என்னைக் கூப்பிடவே இல்லையே பிள்ளை?"

"தேவைப்படேல்லை அன்ரி. உங்கட தரவு முழுக்க ஒன்றியம் குடுத்திட்டுது."

"அது நான் நித்திரை எண்டெல்லோ சொல்லும்."

வினோஜா நடைச்சட்டத்தை எடுத்து அவருக்குக் கிட்ட வைத்தாள்.

"நான் முழிப்பாத்தான் கிடந்தனான். அவளைக் கூப்பிட்டது நான். உமக்காவது தெரியும்தானே?"

இப்போது வினோஜாவின் கையிலும் ஒரு பட்டி இருந்தது. மற்றக் கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.